பித்தளையைக் காய்ச்சி இளக்குவது: குடம், செம்பு, தோட்டாக் கோது

3 மே 2024

மஸ்கெலியாவிலிருந்து ஒரு தம்பி கேட்டது:

“அண்ணே, அம்மாவின் பித்தளைக் குடம் கழுத்துப் பக்கம் நசுங்கிக் கிடக்கிறது. உள்ளே மரக்கட்டை கொடுத்துத் தட்டினேன். முதலில் வந்தது, பிறகு அசைய மாட்டேன் என்கிறது. சிவக்கக் காய்ச்சினால் இளகுமாம். ஆனால் சூட்டோடு தண்ணீரில் போட்டால் கத்தியைப் போல இறுகிவிடும், மணலில் புதைத்து ஒரு ராத்திரி ஆறவிட வேண்டும் என்று இங்கே பட்டறை வைத்திருப்பவர் சொல்கிறார். சரியா?”

முதல் பாதி சரி. இரண்டாம் பாதி இரும்பு வேலைக்காரர் பேச்சு. உருக்கைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் இறுகும், மெல்ல ஆறவிட்டால் இளகும். அது உருக்குக்குள் இருக்கும் கார்பன் செய்யும் வேலை. பித்தளையில் இருப்பது செம்பும் துத்தநாகமும்தான். குடம் செய்யும் தகட்டுப் பித்தளையை மணலில் ஆறவிட்டாலும் ஒன்றுதான், வாளியில் முக்கினாலும் ஒன்றுதான். முக்கினால் ஒரு ராத்திரி மிச்சம், மேலே பிடித்த கறுப்பும் கொஞ்சம் உதிரும்.

இறுக்கம் உங்கள் சுத்தியலால் வந்தது. தட்டத் தட்ட உலோகத்துக்குள் இருக்கும் நுண்ணிய பரல்கள் கோணலாகி, ஒன்றோடொன்று சிக்கி, நகர வழியில்லாமல் நிற்கின்றன. போதுமான சூடு காட்டினால் அந்தச் சிக்கலுக்குள்ளேயே புதுப் பரல்கள் பிறந்து பழையவற்றைத் தின்றுவிடும். அப்போதுதான் இளக்கம் திரும்பும். 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம் உள்ள தகட்டுக்கு ஆலைகளில் 425 முதல் 750 பாகை செல்சியஸ் வரை கொடுக்கிறார்கள். வீட்டு வேலைக்கு 500, 600 போதும். ஆசைப்பட்டு அதிகம் காய்ச்சினால் பரல்கள் பெருத்துவிடும். அப்புறம் தட்டும்போது மேற்பரப்பு தோடம்பழத் தோலைப் போலச் சொரசொரக்கும், எவ்வளவு மினுக்கினாலும் போகாது. 915 பாகையைத் தாண்டினால் உருகவே தொடங்கும்.

சூட்டைக் கண்ணால் பார்ப்பதென்றால் வெயிலில் பார்க்காதீர்கள். எந்தப் பொருளும் இருட்டில் மங்கிய சிவப்பாகத் தெரியத் தொடங்குவது ஏறக்குறைய 525 பாகையில். டிரேப்பர் என்பவர் 1847இல் எழுதி வைத்த கணக்கு. பித்தளைக்கு நல்ல வசதி இது: இருட்டறையில் முதல் சிவப்பு கண்ணில் பட்டதும் நெருப்பை எடுத்துவிடலாம். முற்றத்து வெளிச்சத்தில் அதே சிவப்பைத் தேடினால், தெரியும்போது 150 பாகை கூடிப் போயிருக்கும். நான் மாலை ஆறரைக்கு மேல்தான் நெருப்பு ஊதும் கேஸ் ரொர்ச்சைக் கையில் எடுப்பேன். வீட்டில் இதற்கு வேறு காரணம் சொல்கிறார்கள்.

3 மே, இரவு

அந்தத் தம்பி அவசரக்காரர் போலத் தெரிகிறது, அதனால் இன்றைக்கே இன்னொன்று. காய்ச்ச முன் குடத்தைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள்.

உள்ளே ஈயம் பூசியிருக்கிறதா? வெள்ளீயம் 232 பாகையில் உருகும். 500 பாகைக்குப் போனால் பூச்சு ஓடிக் கருகிவிடும், மறுபடி பூச வேண்டும். எங்காவது ஈயப்பற்று வைத்துப் பழுது பார்த்திருக்கிறதா? அது 183இலேயே இளகத் தொடங்கும். ஒட்டு தனியாக, குடம் தனியாகக் கையில் வரும்.

அடுத்து, அது தகடா வார்ப்பா? குத்துவிளக்கின் தண்டு, காமாட்சி விளக்கு, மணி எல்லாம் வார்ப்பு. வார்ப்பில் பெரும்பாலும் காரீயம் கலந்திருக்கும், கடைவதற்குச் சுகம் என்று. காரீயம் கலந்த பித்தளையைச் சூட்டோடு தட்டினால் பொலபொலவென்று உடையும். விளக்கு வளைந்திருந்தால் வளைந்தபடியே ஏற்றுங்கள்.

6 மே

கண்டிப் பக்கத்திலிருந்து ஒருவர், உலோகவியல் படித்தவராக இருக்க வேண்டும், எழுதியிருக்கிறார்: “எப்படி ஆறினாலும் ஒன்றுதான் என்பது எல்லாப் பித்தளைக்கும் பொருந்தாது. 60க்கு 40 கலவையை நன்றாகக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் கொஞ்சம் இறுக்கம் நிற்கும்.”

சரியான பேச்சு. துத்தநாகம் 35 சதவீதத்தைத் தாண்டும்போது உள்ளே இரண்டாவது வகைப் பரல் ஒன்று சேர்கிறது. பீட்டா என்பார்கள். அது சூட்டில் குழையும், குளிரில் முரண்டு பிடிக்கும். மிகுந்த சூட்டிலிருந்து சட்டென்று ஆற்றினால் அது அதிகமாகத் தங்கிவிடும். கப்பலின் அடிப்பாகத்துக்குத் தகடு அடிக்க 1832இல் பர்மிங்ஹாமின் மன்ட்ஸ் காப்புரிமை வாங்கியது இந்த 60க்கு 40தான். செப்பை விட மலிவு, சூட்டில் உருட்டச் சுலபம்.

நம் வீட்டுக் குடம், செம்பு, தாம்பாளம் எல்லாம் குளிரில் தட்டி வளர்த்தவை. துத்தநாகம் குறைந்த கலவையாக இல்லாவிட்டால் தட்டியவன் கையிலேயே வெடித்திருக்கும். ஆகவே தகட்டுப் பாத்திரத்துக்கு வாளித் தண்ணீர் பரவாயில்லை. கடைசல் வேலைக்கென்று வரும் கம்பி, குழாய்முனை, வால்வு போன்றவற்றைத் தானாக ஆற விடுங்கள்.

தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், ஃபிட்டராக இருந்த காலத்தில் இந்த வித்தியாசம் கையிலேயே தெரியும். தேயிலை அரைக்கும் ரோலர் மேசையின் பித்தளைப் பட்டிகளைக் கழற்றி நிமிர்த்தும்போது ஒன்று சொன்னபடி கேட்கும், இன்னொன்று டக்கென்று முறியும். ஏன் என்று அப்போது யாரும் சொல்லித் தரவில்லை. “அது வேற பித்தளைடா” என்பார் தலைமை ஃபிட்டர். பாடம் அத்தோடு முடிந்தது.

11 மே

மஸ்கெலியாத் தம்பி திரும்பி வந்திருக்கிறார். இருட்டில் காய்ச்சினாராம், முதல் சிவப்பிலேயே நிறுத்தினாராம், தண்ணீரில் முக்கினாராம். கழுத்து இளகி நேராகிவிட்டது. ஆனால் வாய் விளிம்பிலிருந்து கீழே விரல் நீளத்துக்கு மயிரிழை வெடிப்பு ஒன்று. “அண்ணே, தண்ணீரில் போட்டதால்தானே? பட்டறைக்காரர் சிரிக்கிறார்.”

சிரிக்கட்டும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெடிப்பின் ஓரம் கறுத்திருக்கிறது, உள்ளே பச்சை. நேற்று வெடித்த பித்தளை உள்ளே மஞ்சளாகப் பளிச்சென்று இருக்கும். இது பழைய வெடிப்பு. அழுக்கும் களிம்பும் மூடிக் கிடந்தது, சூடு அதைத் திறந்து காட்டியிருக்கிறது. குடம் இவ்வளவு காலம் எங்கே கிடந்தது என்று கேட்டேன். பின்பக்கக் கொட்டிலில், யூரியா மூட்டைக்குப் பக்கத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் மாட்டுப்பட்டி.

இதை விரிவாகத்தான் சொல்ல வேண்டும். மலையகத்தில் எத்தனையோ சீதனப் பித்தளை இப்படித்தான் போகிறது, பழி முழுக்கச் சுத்தியலுக்கு.

பிரிட்டிஷ் இந்தியப் படையில் ஒரு தொல்லை இருந்தது. மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைப்பார்கள். மழை விட்டதும் எடுத்துப் பார்த்தால் பித்தளைக் கோதுகள் கழுத்தில் வெடித்திருக்கும். யாரும் சுடவில்லை, தட்டவில்லை, கீழே போடவில்லை. பருவத்தோடு வருவதால் பருவ வெடிப்பு என்று பெயர் வைத்தார்கள். மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் 1921இல் காரணத்தை விளக்கினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அமோனியா, காற்றிலுள்ள ஈரம், கோதின் கழுத்தில் செய்த நாளிலிருந்தே அடைபட்டிருக்கும் இழுவிசை, மூன்றும் ஒரே இடத்தில் சந்தித்தால் பித்தளை பரல் ஓரமாகப் பிளந்துகொள்ளும். ஒன்று இல்லாவிட்டாலும் பிளக்காது.

இப்போது குடத்துக்கு வாருங்கள். கழுத்தைக் குறுக்கி, வாயை வெளியே மடித்துத் தட்டியிருக்கிறார்கள். தட்டியபின் அந்த இடம் உள்ளுக்குள் இழுத்துக்கொண்டே இருக்கிறது. வெளியே ஒன்றும் தெரியாது. யூரியா காய்ந்திருந்தால் பெரிதாக மணக்காது. ஈரம் பட்டு, மண்ணோ சாணமோ கலந்தால் உடைந்து அமோனியா விடும். சல்பேட் ஒஃப் அமோனியா மூட்டையோடு சுண்ணாம்பு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மாட்டுப்பட்டியில் மூத்திரக்கால்வாய் நாள் முழுக்க அதே வேலையைச் செய்கிறது. ஈரத்துக்கு மஸ்கெலியாவில் என்ன குறை? மே பிறந்தால் தென்மேல் பருவக்காற்று. அந்தச் சரிவில் வட்டவளைக்கு வருடத்தில் 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அந்தப் படைக்காரர் லாயத்தில் வைத்த அதே சேர்க்கையை நாம் லயன் கொட்டிலில் வைத்திருக்கிறோம்.

சும்மா கிடக்கும் குடத்தை வெடிக்காமல் காக்க 500 பாகை தேவையில்லை. ஏறக்குறைய 250 பாகையில் ஒரு மணி நேரம் வைத்தால் போதும். பரல்கள் மாறாது, இறுக்கமும் ஏறக்குறைய அப்படியே நிற்கும், அடைபட்ட இழுவிசை மட்டும் பெரும்பாலும் கழன்றுவிடும். தட்டி வடிவம் மாற்ற வேண்டுமானால் சிவக்கக் காய்ச்சுங்கள். வடிவம் சரியாக இருக்கிறது, பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்றால் இளஞ்சூடு. இந்த இரண்டையும் ஒரே வேலை என்று நினைப்பதால்தான் ஒன்றில் குடம் தொய்ந்து போகிறது, இல்லையென்றால் வெடித்துப் போகிறது.

12 மே

“அப்போ மாட்டை விற்கணுமா?” என்று ஒருவர். குடத்தை வீட்டுக்குள் எடுங்கள். பால் தருவது குடம் இல்லை.

இன்னொருவர், பூனை மூத்திரம் போதுமா என்கிறார். மூடிய பெட்டிக்குள் என்றால் தாராளமாக. ஜன்னல் துடைக்கும் சில திரவங்களிலும் அமோனியா உண்டு, வாங்கும்போது போத்தலைத் திருப்பிப் படியுங்கள். பித்தளைக்குப் பழப்புளியும் சாம்பலும், இல்லாவிட்டால் தேசிக்காயும் உப்பும். தேய்த்ததும் நன்றாகக் கழுவித் துணியால் துடைத்துவிட வேண்டும், புளிப்பு தங்கக்கூடாது.

19 மே

மாத்தளையிலிருந்து வந்த கேள்வி: “தோட்டாக் கோது பற்றிச் சொன்னீர்கள். வெளிநாட்டில் சுட்ட கோதைத் திரும்ப நிரப்புகிறவர்கள் கழுத்தை மட்டும் காய்ச்சுகிறார்களே, ஏன் முழுவதையும் காய்ச்சுவதில்லை? எங்களிடமும் பயிர்க்காவலுக்கு அனுமதி வாங்கிய துவக்கு இருக்கிறது.”

கடைசி வசனத்துக்கு முதலில் பதில். துவக்குக்கு அனுமதி இருப்பது தோட்டா செய்ய அனுமதி ஆகாது. 1916ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டளைச் சட்டம் திருத்தங்களோடு இன்னும் நடப்பில் இருக்கிறது. போதாததற்கு உங்களுடையது 12 போர் வகைத் துவக்கு என்றால் கோது பிளாஸ்டிக்காகத்தான் இருக்கும், அடியில் மட்டும் உலோகக் குப்பி. அதைக் காய்ச்சினால் கையில் என்ன மிஞ்சும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி மட்டும் நல்ல கேள்வி. ரைஃபிள் கோது ஒரே பித்தளைத் துண்டுதான், 70க்கு 30. ஆனால் இரண்டு முனைக்கும் இரண்டு குணம் வேண்டும். சுடும்போது உள்ளே 3,000 வளிமண்டலத்துக்கும் மேலே அழுத்தம் ஏறும். கழுத்து மெத்தென்று விரிந்து அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், புகை பின்னால் வராமல். அடிப்பாகத்துக்குப் பின்னால் பிடிக்க எதுவும் இல்லை, அது தன் பலத்தில் நிற்க வேண்டும். அங்கே இளகியிருந்தால் கோது பிய்ந்து வாயு சுடுகிறவன் முகத்துக்கு வரும். அதனால் ஆலையிலேயே அடியை இறுக்கமாக விட்டு, கழுத்துக்கு மட்டும் நெருப்புக் காட்டுகிறார்கள். படையினரின் கோதுகளில் கழுத்தருகே நீலமும் பழுப்புமாக ஒரு கறை தெரியும், அது நெருப்புப் பட்ட அடையாளம். கடைக்குப் போகும் தோட்டாவில் அதைப் பெரும்பாலும் மினுக்கி எடுத்துவிடுவார்கள், அழகு கருதி.

சுட்டு, அச்சில் ஒடுக்கி, மறுபடி சுட்டு என்று போகும்போது கழுத்து இறுகி ஒருநாள் பிளக்கும். அதற்குத்தான் அவர்கள் திரும்பக் காய்ச்சுகிறார்கள். பழைய முறை ஒன்று: தட்டில் தண்ணீர் விட்டுக் கோதுகளைப் பாதி மூழ்க நிறுத்தி, கழுத்தில் நெருப்பைக் காட்டி, சூடேறியதும் தட்டிச் சாய்ப்பது. மூழ்கிய அடி தண்ணீர் கொதிக்கும் சூட்டுக்கு மேலே போகாது. இப்போது கோதைச் சுழற்றிச் சில விநாடி மட்டும் நெருப்பில் காட்டும் இயந்திரங்கள் வந்துவிட்டன. ஆனால் தத்துவத்தில் எனக்குப் பிடித்தது அந்தத் தண்ணீர்த் தட்டு. அதைத்தான் குடத்துக்குத் திருடிக்கொண்டேன்.

அடியில் யாரோ ஈயப்பற்று வைத்த குடம். கழுத்தைச் சிவக்கக் காய்ச்ச வேண்டும், ஒட்டு இளகக்கூடாது. குடத்தைப் பெரிய சருவத்துக்குள் நிறுத்தி, உள்ளேயும் வெளியேயும் ஒட்டுக்கு மேலே நாலு விரல் வரை தண்ணீர் விட்டு, அப்புறம் கழுத்தில் நெருப்பு. தண்ணீர் சூட்டைத் தின்றுகொண்டே இருப்பதால் கழுத்து சிவக்க நேரமாகும், பெரிய சுவாலை வேண்டும். குடத்து வாயை எதனாலும் மூடாதீர்கள், ஆவி போக வழி வேண்டும். ஒட்டு அசையவில்லை. நெருப்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு பட்டை அரைகுறையாக இளகி நிற்கும், அந்தப் பட்டையில் சுத்தியல் வைக்காதீர்கள்.

20 மே

நுவரெலியாக்காரர் ஒருவர் குறும்பாக: “எங்கள் ஊரில் அடி இன்னும் குளிர்ச்சியாக இருக்குமே.” உண்மைதான். 1,868 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும், ஹட்டனில் 96. ஈயப்பற்றுக்கு இந்த ஆறு பாகை பெரிய உபகாரம் இல்லை. பருப்பு வேகாமல் தொல்லை கொடுப்பது இதே கணக்குத்தான், அதை இன்னொரு நாள் பேசுவோம்.

2 ஜூன்

மே 11இல் எழுதியதைத் திரும்பப் படித்தபோது ஓடிய யோசனை. முன்பு வருடத்துக்கு ஒருமுறை ஈயம் பூசுகிறவர் தோட்டத்துக்கு வருவார். லயன் கோடியில் குழி தோண்டி, துருத்தி வைத்து, வரிசையாக எல்லோர் வீட்டுப் பாத்திரமும் நெருப்பில் ஏறும். பூசுவதற்குப் பாத்திரம் முழுவதும் 232 பாகைக்கு மேலே சூடாக வேண்டும். இழுவிசையைக் கழற்றும் இளஞ்சூடும் ஏறக்குறைய அதேதான். அவர் வாயில் சாப்பாட்டுப் பாதுகாப்பு, கையில் வெடிப்புத் தடுப்பு, இரண்டும் ஒரே கூலியில் நடந்திருக்கிறது போல. அலுமினியமும் எவர்சில்வரும் வந்து அவர் வரவு நின்றதோடு, பித்தளை கொட்டிலுக்குப் போய் வெடிக்கத் தொடங்கியது. இது என் ஊகம்தான், ஆனால் எனக்குப் பிடித்த ஊகம்.

2 ஜூன், இரவு

இரண்டு மணி நேரம்கூட அந்த ஊகத்தை நிம்மதியாக வைத்திருக்க விடவில்லை. கண்டிக்காரர்: “பூசுகிறவர் போடும் நவச்சாரம் என்ன? அமோனியம் குளோரைட். சூட்டில் அமோனியாதானே கிளம்பும்?”

ஆமாம். நவச்சாரத்தைச் சூடான பித்தளையில் தேய்த்தால் அது உடைந்து ஒரு பக்கம் அமோனியாவும் இன்னொரு பக்கம் அமிலமும் புகையாகக் கிளம்பும். அந்த அமிலம்தான் களிம்பைத் தின்று ஈயம் ஒட்ட வழி விடுகிறது. சூட்டில் நீர் ஈரம் நிற்காது, எல்லாம் சில நிமிடத்தில் முடிந்துவிடும், ஆகவே அந்த நேரத்துப் புகையைப் பற்றி எனக்குக் கவலையில்லை. கவலை, கழுவாமல் விட்ட மிச்சம். விளிம்பு மடிப்புக்குள் நவச்சாரப் பொடி தங்கி, மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பூசி முடிந்ததும் தவிட்டுத் தண்ணீர் விட்டுத் தேய்ப்பார்களே, அது அழகுக்கு மட்டும் இல்லை.

அவர் இன்னொன்றும் சொன்னார், அது இதைவிடக் கனமானது. இறுகித் தட்டிய பித்தளையில், இழுவிசை உள்ளே இருக்கும்போதே உருகிய ஈயம் பட்டால், அந்த உருகிய உலோகமே பரல் ஓரமாகப் புகுந்து பிளந்துவிடுமாம். இதற்கு நானே சாட்சி. புதிதாகத் தட்டிய ஒரு தாம்பாள விளிம்பில் ஈயப்பற்று வைத்தபோது, கண் முன்னே டிக் என்று ஒரு கோடு ஓடியது. அன்றைக்கு ஈயத்தில் ஏதோ கலப்படம் என்று கடைக்காரரைத் திட்டிவிட்டு வந்தோம்.

ஆக என் ஊகத்தை இப்படித் திருத்துகிறேன்: வருடா வருடம் பூசிப் பழகிய பாத்திரத்துக்கு அந்தச் சூடு நல்லது. புதிதாகத் தட்டியதற்கும் நசுங்கல் எடுத்ததற்கும் முதலில் வெறும் இளஞ்சூடு, ஆறியபின் பூச்சு. மெதுவாகச் சூடேற்ற வேண்டும். அடைபட்ட இழுவிசையோடு இருக்கும் பித்தளைக்கு ஒரே இடத்தில் சட்டென்று பெரிய நெருப்பைக் காட்டினாலும் வெடிக்கும்.

3 ஜூன்

பூச்சு பற்றிக் கேட்ட எல்லோருக்கும்: சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு வெள்ளீயம் மட்டும். காரீயம் கலந்தால் மலிவு, சுலபமாக ஓடும், குழந்தையின் மூளையைக் கெடுக்கும். துண்டை வெள்ளைக் காகிதத்தில் இழுத்துப் பாருங்கள், சாம்பல் கோடு நன்றாக விழுந்தால் காரீயம். சுத்தமான வெள்ளீயக் கம்பியைக் காதருகே வளைத்தால் கிறீச்சென்று மெல்லிய சத்தம் கேட்கும். பூச்சில்லாத பித்தளையில் ரசம், புளிக்குழம்பு, தயிர் வைக்காதீர்கள். செம்பு கரைந்து வரும். சும்மா தண்ணீருக்கு மட்டும் என்றால் வேறு.

16 ஜூன்

நெருப்பு பற்றித் தனித்தனியாகக் கேட்கிறீர்கள், மொத்தமாகச் சொல்கிறேன்.

கையடக்க பியூட்டேன் ரொர்ச் நம் குளிருக்கு அரைப் பங்கு வேலைதான் செய்யும். பியூட்டேன் கொதிப்பது பூச்சியத்துக்குக் கொஞ்சம் கீழே. நுவரெலியாவின் ஜனவரி இரவில் டப்பாவுக்குள் அழுத்தம் மிகக் குறைவு, வாயு வெளியேறும்போது டப்பா இன்னும் குளிரும். சுவாலை சோம்பி மஞ்சளாகும். டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்துங்கள், வெந்நீரில் வேண்டாம். புரொப்பேன் மைனஸ் 42இல் கொதிப்பது, அதற்கு எங்கள் குளிர் ஒரு பொருட்டே இல்லை. வீட்டுச் சிலிண்டரில் ரொர்ச் மாட்டுவது பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன். 2021 கடைசியில் நாட்டில் கேஸ் அடுப்புகள் வெடித்த கதை எல்லோருக்கும் நினைவிருக்கும்.

2022இல் கேஸ் வரிசையில் நின்ற காலத்தில் சிரட்டைக் கரிக்குத் திரும்பினேன், அதிலேயே நின்றுவிட்டேன். தட்டார் காலங்காலமாகச் செய்வதுதான். சூடு பரந்து வரும், ஒரே இடத்தைத் தின்னாது, குடத்தைச் சுழற்றிக்கொண்டே இருந்தால் கழுத்து முழுக்க ஒன்றாகச் சிவக்கும். ஊதுகுழலோ சிறிய புளோவரோ போதும். கவ்வாத்து மிலாறு, அதாவது தேயிலைச் செடியில் வெட்டிப்போட்ட குச்சி, நிறையக் கிடைக்கிறதே என்று கேட்டவருக்கு: தண்ணீர் காய்ச்ச நல்ல விறகு, இதற்கு ஆகாது. நீளச் சுவாலையும் புகையும் வரும், குடம் கரி பூசிக்கொள்ளும், சிவப்புத் தெரியாது.

இளஞ்சூட்டுக்கு வீட்டு ஓவன். 250 வரை போகும் ஓவன் கிடைத்தால் ஒரு மணி நேரம் வைத்து, உள்ளேயே ஆற விடுங்கள். குடம் ஓவனுக்குள் போகாது என்று தெரியும். பெரிய தகர டின்னைக் கவிழ்த்து மூடி, சுற்றிலும் கரி இட்டு, உள்ளே ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வைத்துச் செய்கிறேன். கொஞ்சம் ஏறி இறங்கும். 300ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் பழுதில்லை.

வெளியில் செய்யுங்கள். பித்தளையிலிருந்து வெள்ளைப் புகை எழும்பினால் துத்தநாகம் போகிறது என்று அர்த்தம். துத்தநாகம் 907 பாகையில் கொதித்துவிடும், ஆகவே அதைப் பார்க்கிற அளவுக்கு நீங்கள் காய்ச்சவே கூடாது. அந்தப் புகையை மூச்சில் எடுத்தால் சாயந்திரம் குளிரும் காய்ச்சலும் உடம்பு வலியும் வரும், பெரும்பாலும் ஓரிரு நாளில் போய்விடும். ஸ்டோரில் பித்தளை வார்த்த அன்று இரவு சிலருக்கு வருவதுண்டு. பால் குடித்தால் சரியாகும் என்று சொல்லி, தேநீருக்கு வைத்திருந்த பாலெல்லாம் தீர்த்தார்கள். பால் அதற்கு ஒன்றும் செய்யாது.

30 ஜூன்

மஸ்கெலியாத் தம்பி மறுபடி. வெடிப்போடு இருக்கும் குடத்தை என்ன செய்வது, ஈயம் வைத்து அடைக்கலாமா?

அடைக்கலாம், நிற்காது. கழுத்தைச் சிவக்கக் காய்ச்சியதில் அங்கே இழுவிசை போயிருக்கும், அது நல்ல காலம். ஆனால் அதற்கப்புறம் தட்டி நேராக்கியிருக்கிறீர்கள், மறுபடி கொஞ்சம் சேர்ந்திருக்கும். அதனால் முதலில் 250இல் ஒரு மணி நேரம்.

பிறகு வெடிப்பு முடியும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் முனையைத் தாண்டியும் அது போயிருக்கும். மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சுண்ணாம்புப் பொடி தூவினால் கோடு நனைந்து தெரியும். அந்தக் கடைசி முனையில் சின்ன ஓட்டை ஒன்று துளையுங்கள், வெடிப்பு அங்கேயே நிற்கும். இரண்டு பக்கமும் பச்சைக் களிம்பு போகச் சுரண்டி, வெங்காரம் இட்டு, வெள்ளிப் பொடி (தனி வெள்ளி இல்லை, தட்டார் பற்ற வைக்கும் வெள்ளிக் கலவை) வைத்துப் பற்ற வையுங்கள். ஓட்டையும் அதிலேயே அடைபடும். கைப்பழக்கம் இல்லாவிட்டால் தட்டாரிடம் கொடுங்கள், கூலி குடத்தின் விலையைத் தொடாது. பிலிமத்தலாவைப் பக்கம் கண்டி வீதியோரப் பித்தளைக் கடைகளில் விசாரித்தாலும் செய்கிறவர்களைக் காட்டுவார்கள், நத்தரம்பொத்தையிலும் உலோக வேலைக்காரர் இருக்கிறார்கள்.

பற்ற வைத்த இடம் சுற்றிலும் இளகியிருக்கும். குடத்தைத் தூக்கும்போது கழுத்தில் பிடிப்பதால் நாளடைவில் நெளியும். அதற்கு மரச்சுத்தியலால் மெதுவாக, பரவலாக, ஒருமுறை சுற்றித் தட்டிக் கொஞ்சம் இறுக்கம் ஏற்றுங்கள். திரும்ப இழுவிசை வராதா என்று கேட்பீர்கள். வரும். அதற்கு மறுபடி அந்த 250, பெரிய வேலை இல்லை. பற்று வைத்த வெள்ளி அந்தச் சூட்டில் அசையாது.

யூரியா மூட்டையை மட்டும் வேறு இடத்துக்கு மாற்றினேன், குடம் கொட்டிலிலேயே இருக்கிறது என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். மாடும் அங்கேயேதானே இருக்கிறது, தம்பி?